ஹாங்காங் தளபதிகளும் வெள்ளானூர் கொடிக்கயிறும்

அந்த அதிகாரி கடைசியில் என்ன ஆனார்?

ஹாங்காங்கிலிருந்து திரும்பி வந்த பிறகும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கதை முடிகிற இடத்தில் என் மகளுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது வழிகாட்டி அடுத்த கதைக்குப் போயிருந்தாள். மறுபடி கேட்டால் கூட இருந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கேட்காமல் விட்டேன். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் இன்று இதை எழுத வேண்டி வந்திருக்காது.

ஊரைச் சொல்வதற்கு முன்னால் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆவடியைத் தாண்டி வெள்ளானூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏ பிளாக், பி பிளாக், நடுவில் ஒரு கொடிக்கம்பம். ஏ பிளாக்கின் தலைவர் சிகாமணி அங்கிள். ஈரோட்டுக்காரர், டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். பி பிளாக்குக்குத் தேவசகாயம் அங்கிள். நாகர்கோவில்காரர், ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். போன குடியரசு தினம் வரைக்கும் இருவரும் ஒன்றாகத்தான் நடைப்பயிற்சி போனார்கள்.

ஆகஸ்டில் கொடியைக் கீழேயிருந்து மேலே ஏற்றுவார்கள். ஜனவரியில் அப்படி இல்லை. உள்ளே பூ வைத்துச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, முன்கூட்டியே மேலே கட்டிவிடுவார்கள். கயிற்றை இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து பூ கொட்ட வேண்டும். போன வருடம் முடிச்சுப் போட்டவர் தேவசகாயம் அங்கிள். கயிற்றை இழுத்தவர் சிகாமணி அங்கிள். பூ கொட்டவில்லை. மறுபடி இழுத்தார். இரண்டு பிளாக்கும் அண்ணாந்து பார்த்தது. பிள்ளைகள் தேசிய கீதத்தைப் பாடி முடித்துவிட்டார்கள். கடைசியில் காவலாளி ஏழுமலை ஏணி வைத்து ஏறிக் கையால் அவிழ்த்தார். பூவெல்லாம் சிகாமணி அங்கிளின் மூக்குக் கண்ணாடி மேல் விழுந்தது.

"முடிச்சு தப்பு" என்றது ஏ பிளாக். "கயிறு ஓடுற கப்பிக்கு எண்ணெய் விடலை" என்றது பி பிளாக். அன்றிலிருந்து இரண்டு வாட்ஸப் குழு, இரண்டு ஆயுத பூஜை. ஆகஸ்ட் பதினைந்தன்று கம்பம் வெறுமனே நின்றது. சங்கத்துக்குச் செயலாளர் யார் என்ற கேள்வி வந்தபோது இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் நான்தான். தற்காலிகச் செயலாளர். எனக்கு எதிரிகள் கிடையாது. எதிரி வைத்துக்கொள்ளும் வசதியும் கிடையாது. காலையில் என் மகள் யாழினியைத் தன் பேத்தியோடு சேர்த்து ஸ்கூட்டரில் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர் சிகாமணி அங்கிள். நான் அம்பத்தூர் அலுவலகத்திலிருந்து வரும் வரை அவளை வைத்துக்கொள்கிறவர் தேவசகாயம் அங்கிளின் மனைவி எஸ்தர் ஆன்ட்டி. இதில் ஒரு பக்கம் கதவைச் சாத்தினாலும் நான் வேலையை விட வேண்டியதுதான்.

இந்த நிலையில்தான் கணவர் கார்த்திக்குக்குப் பொங்கல் வாரத்தில் ஹாங்காங்கில் அலுவலக வேலை வந்தது. "நீங்களும் வாங்க, பள்ளி லீவுதானே" என்றார். பொங்கலுக்கு வீட்டில் விளக்கேற்றாமல் போவது சரியா என்று யோசித்தேன். போகாவிட்டால் அவர் வருத்தப்படுவாரோ என்றும் யோசித்தேன். இரண்டையும் யோசித்துக்கொண்டே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ஓட்டல் அறை எங்கள் வீட்டுச் சமையலறை அளவு. பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாது. சன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் ஒருவர் பல் துலக்குவது தெரிந்தது. யாழினி கையசைத்தாள். அவரும் நுரையோடு கையசைத்தார். வெள்ளானூரில் பக்கத்து வீட்டுக்காரரே இவ்வளவு கிட்டத்தில் இல்லை.

அன்று மதியம் ஒரு உணவகத்துக்குப் போனோம். அங்கே தனி மேசை என்ற பேச்சே இல்லை. இடம் இருந்தால் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வைத்துவிடுகிறார்கள். எங்கள் மேசையில் ஒரு வயதான தம்பதி. உட்கார்ந்ததும் சுடச்சுடத் தேநீரும் காலிக் கிண்ணங்களும் வந்தன. நான் மரியாதையாகக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். அந்த அம்மாள் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். அவர் கணவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "அது குடிக்க இல்லை, கிண்ணம் கழுவ." அவர்கள் இருவரும் கிண்ணம், கரண்டி, குச்சி எல்லாவற்றையும் அந்தத் தேநீரிலேயே அலசி ஒரு பாத்திரத்தில் கொட்டினார்கள். பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே டிபன் சாப்பிடும்போது நானும் தம்ளரை ஒரு முறை அலசாமல் குடிக்க மாட்டேன். அதைச் சொல்லி நிமிரலாம் என்று பார்த்தேன். அதற்குள் கார்த்திக் முழுக் கிண்ணமும் குடித்து முடித்திருந்தார்.

சைவம் கேட்டு வாங்கிய கீரையில் சிப்பிச் சாறு ஊற்றியிருந்தார்கள். யாழினிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அது என்னவென்று என் மாமியாரிடம் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். சொல்லாதே என்று சொல்லிக் கொடுப்பது தப்போ என்று அதற்கப்புறம் உறுத்தியது.

பொங்கலன்று காலை. வீட்டிலிருந்து கொண்டுபோன பச்சரிசியையும் வெல்லத்தையும் வைத்துக்கொண்டு ஓட்டல் கெட்டிலைப் பார்த்தேன். கார்த்திக், "வேண்டாம் சுதா, அது தண்ணி மட்டும் காய்ச்சுறது" என்றார். நான் பால் மட்டும்தான் காய்ச்சினேன். பால் என்ன நினைத்ததோ, கண் இமைப்பதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு மேசை, கம்பளம், கார்த்திக்கின் மடிக்கணினிப் பை என்று எல்லா இடத்துக்கும் போனது. யாழினி "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். அறை சுத்தம் செய்யும் பெண் கதவைத் தட்டினார். நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன்: எங்கள் பண்டிகை, பால் வழிய வேண்டும், வழிந்தால் நல்லது. அவர் கம்பளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நிறைய வழிந்திருக்கிறதே" என்றார். "அப்படியானால் உங்களுக்கு ரொம்ப நல்ல வருடம். துடைக்கிற எனக்கும் அதில் கொஞ்சம் விடுங்கள்."

அதே நேரம் கைப்பேசியில் இரண்டு பொங்கல் பானைப் படங்கள் வந்து விழுந்தன. ஏ பிளாக் பானை, பி பிளாக் பானை. இரண்டுக்கும் கீழே ஒரே கேள்வி: "எப்படி?" நான் இரண்டுக்கும் இதயம் போட்டேன். எந்த இதயம் முதலில் போனது என்று யாராவது பார்ப்பார்களோ என்று கொஞ்ச நேரம் கவலைப்பட்டேன்.

மறுநாள் கார்த்திக் அலுவலகத்துக்குப் போய்விட, நானும் யாழினியும் ஒரு நடைச் சுற்றுலாவில் சேர்ந்துகொண்டோம். வழிகாட்டியின் பெயர் மே. என் வயதுதான் இருக்கும், மஞ்சள் குடை, வாயில் எப்போதும் ஏதோ மிட்டாய். கல் சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரங்கள் தொங்கும் ஒரு செங்குத்தான தெருவில் எங்களை ஏற்றிக்கொண்டே பேசினாள். எனக்கு மூச்சு வாங்கியது. எங்கள் பக்கமெல்லாம் ஒரே சமதரை. ஏரிக்கரையை விட்டால் ஏறுவதற்கு மேடே கிடையாது.

மேலே, வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்த பழைய பங்களா ஒன்றின் பூட்டிய வாசலில் நிறுத்தினாள். "இந்த வீட்டில் நடந்ததாக எங்கள் குடும்பத்தில் ஒரு கதை சொல்வார்கள்" என்றாள். "புத்தகத்தில் தேடாதீர்கள். எங்கள் வீட்டு ஆள் ஒருவர் இங்கே டீ கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தார். அவர் சொன்னது."

நூறு வருடங்களுக்கு முன்னால் அக்கரையில் சீனா துண்டு துண்டாகக் கிடந்தது. ஆளுக்கொரு படை, ஆளுக்கொரு மாவட்டம். பக்கத்து மாகாணத்தில் இரண்டு தளபதிகள் முட்டிக்கொண்டு நின்றார்கள். கிழக்கு ஆறு ஒருவர் பிடியில். கான்டன் நகரமும் ரயில் பாதையும் இன்னொருவர் பிடியில். ஹாங்காங்கோ பிரிட்டிஷாரின் தீவு. அரிசியும் காய்கறியும் பன்றியும் அக்கரையிலிருந்து வந்தால்தான் இங்கே அடுப்பு எரியும். இந்த வீட்டில் இருந்த அதிகாரிக்கு லண்டனிலிருந்து வந்த உத்தரவு ஒன்றுதான்: யார் பக்கமும் சாயாதே.

"சொல்வது எளிது" என்றாள் மே. "லண்டனில் இருப்பவனுக்குக் காய்கறி வேறு எங்கிருந்தோ வருகிறது."

எனக்கு அந்த அதிகாரி மேல் அப்போதே ஒரு பாசம் வந்துவிட்டது.

அவர் இரண்டு தளபதிகளுக்கும் ரகசியமாகக் கடிதம் எழுதினார். "இந்த மாகாணத்தை உங்களைப் போல் நடத்த இன்னொருவர் இல்லை." இரண்டு கடிதத்திலும் அதே வரி. தளபதிகள் இருவரும் மகிழ்ந்துபோய், மேற்கொண்டு பேசலாம் என்று ஒரே நாளில் இந்த வீட்டுக்கு வந்து நின்றார்கள். ஒருவரை முன்வாசல் வழியாக வரவேற்பறையில் உட்கார வைத்தார். இன்னொருவரைத் தோட்டத்து வழியாகச் சாப்பாட்டு அறையில். நடுவில் ஒரு சுவர். அங்கே ஒரு கோப்பை, இங்கே ஒரு கோப்பை என்று அந்த மனிதர் மதியம் முழுக்க ஓடி ஓடித் தேநீர் குடித்தார். "வந்தவர்கள் குடித்ததை விட எஜமானர் குடித்ததுதான் அதிகம்" என்று டீ கொடுத்தவர் கடைசி வரை சொல்லிச் சிரிப்பாராம்.

"மாட்டிக்கொண்டாரா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அன்றைக்கு இல்லை." மே மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினாள். "கொஞ்ச காலத்தில் மூன்றாவது ஆள் ஒருவன் வந்து இரண்டு தளபதிகளையும் அடித்துத் துரத்திவிட்டான். தோற்ற தளபதிகள் எங்கே ஓடி வருவார்கள்? இங்கேதான். இரண்டு பேருக்கும் ஒரே தெருவில் வீடு. வேலை கிடையாது. சாயங்காலமானால் சேர்ந்து மாஜாங் என்கிற கட்டை ஆட்டம் ஆடுவார்கள். ஒரு நாள் பேச்சுவாக்கில் ஒருவர் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். மற்றவர் எழுந்து போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு, இரண்டு பேரும் தொப்பியை மாட்டிக்கொண்டு நேராக இந்த வாசலுக்கு..."

"அம்மா, ஒன்னுக்கு" என்றாள் யாழினி. "இப்பவே."

இதற்கு மேல் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அதற்கு மறுநாள் டிராம். அந்த ஊர் டிராம் மாடி வைத்தது. பின்பக்கம் ஏற வேண்டும், முன்பக்கம் காசு கொடுத்து இறங்க வேண்டும். வேடிக்கை பார்க்க யாழினி மாடிக்கு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இறங்குகிற இடம் வந்தபோது படிக்கட்டு முழுக்க ஆள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் "எக்ஸ்கியூஸ் மீ" என்று மெல்லிய குரலில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆவடி பேருந்தாக இருந்தால் "யோவ், எறங்கணும்யா" என்று ஒரு அம்மா நமக்காகக் கத்தியிருப்பார். டிராம் கடைசி நிறுத்தம் வரைக்கும் எங்களைக் கொண்டுபோய்விட்டது. அந்தத் தவிப்பில்தான் கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது.

முதலில் சிகாமணி அங்கிளின் குரல்: "அம்மிணி, இருவத்தாறாந் தேதி கயித்த நாந்தான் இழுக்கோணும். போன வருசம் எம்மானம் அந்தக் கம்பத்து மேலயே தொங்கிப் போச்சு. அதய எறக்கோணும். நீ என்ன சொல்ற?"

அடுத்தது தேவசகாயம் அங்கிள்: "மக்ளே, எம் முடிச்சப் பத்திக் கண்டவனெல்லாம் பேசுகான். இந்த வருசம் முடிச்சும் நானு, கயிறும் நானு. அப்பம் தெரியும்லா யாரு மேல தப்புன்னு. நீதான சொல்லணும்?"

டிராம் ஆடியது. யாழினி மறுபடி நெளிய ஆரம்பித்தாள். யோசிக்க நேரம் இல்லை. யோசித்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. நான் தட்டியது இது: "உங்களை விட்டால் யாரால் முடியும் அங்கிள்?" அதையே நகலெடுத்து அடுத்தவருக்கும் அனுப்பினேன்.

பொய் சொல்லவில்லை பாருங்கள். கடைசியில் கேள்விக்குறி இருக்கிறது. நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, கேள்விதான் கேட்டேன். இரவு கார்த்திக்கிடம் இதைச் சொன்னபோது அவர், "அந்த ஆளோட பங்களா வாசல்ல ரொம்ப நேரம் நின்னியோ?" என்றார்.

கடைசி நாள் பரிசு வாங்கப் போனேன். ஒருவருக்கு வாங்கியதை விட மற்றவருக்கு வாங்கியது ஒரு பிடி பெரிதாக இருந்தாலும் வம்பு. இரண்டும் ஒன்றாகவே இருந்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாதல்லவா? சிவப்பு நிறத்தில், தங்க டிராகன் சுற்றிய வெந்நீர்க் குடுவை இரண்டு வாங்கினேன். கடைக்காரர், "இரட்டைப் பிள்ளைகளா?" என்று கேட்டார். "அப்படித்தான்" என்றேன்.

ஊர் திரும்பியதும் முதலில் ஏ பிளாக் போனேன். சிகாமணி அங்கிள் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிராகன் நல்லாருக்குது அம்மிணி" என்று ஒரு டம்ளர் காபி கொடுத்தார். அங்கிருந்து பி பிளாக். "இது வேண்டியிருந்திச்சு மக்ளே" என்று தேவசகாயம் அங்கிளும், "மெலிஞ்சு போயிட்டியே" என்று எஸ்தர் ஆன்ட்டியும் இன்னொரு டம்ளர். அதற்குள் ஏ பிளாக்கிலிருந்து யாழினியின் சாக்லேட் டப்பாவை மறந்துவிட்டேன் என்று அழைப்பு. போனால் வடையோடு மறுபடி காபி. லிஃப்டில் இறங்கும்போதுதான் வயிறு குலுங்கியது. அந்த அதிகாரியின் ஞாபகம் வந்தது.

குடுவை தினம் வெளியே எடுத்துப் போகும் பொருள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். சுவரில் மாட்டும் படமாக வாங்கியிருந்தால் அவரவர் வீட்டோடு போயிருக்கும்.

இரண்டு நாள் கழித்து மாலை அலுவலகத்திலிருந்து வந்து இறங்கினேன். கேட்டில் ஏழுமலை ஓடி வந்தார். "மேடம், இன்னா மேடம் நடக்குது இங்க? ரெண்டு பெர்சும் ஒரே பெஞ்ச்ல குந்திகினு கீதுங்க. மொதல்ல ஆளுக்கொரு பெஞ்ச்லதான் இருந்துச்சுங்க. ஒண்ணு டீ ஊத்துச்சு. இன்னொண்ணும் ஊத்துச்சு. ரெண்டும் ப்ளாஸ்க்க பாத்துகினே இருந்துச்சுங்க. அப்பால ஒண்ணா குந்திகிச்சுங்க."

தூரத்தில் கொடிக்கம்பத்துக்குக் கீழே பெஞ்சில் இரண்டு வெள்ளைத் தலைகள், நடுவில் இரண்டு சிவப்புக் குடுவைகள். சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு வருடமாக எங்கள் குடியிருப்பில் கேட்காத சத்தம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இருவரும் ஒன்றாகக் கையசைத்தார்கள்.

யாழினி ஓடி வந்தாள். "அம்மா, தாத்தாங்க ரெண்டு பேரும் போனை மாத்தி மாத்திப் படிச்சாங்க. ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னாங்க. உன் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நீ ஜோக் அனுப்பினியா?"

அன்று மாலை இரண்டு வாட்ஸப் குழுவிலும் ஒரே நேரத்தில் ஒரே அறிவிப்பு வந்தது. இவ்வாண்டு குடியரசு தினம் இரு பிளாக்கும் இணைந்து கொண்டாடும். கப்பிப் பொறுப்பு சிகாமணி. முடிச்சுப் பொறுப்பு தேவசகாயம். கயிற்றை இழுத்துக் கொடியை விரிப்பவர், நம் அன்புக்குரிய செயலாளர்.

அறிவிப்புக்குக் கீழே எல்லோரும் கைதட்டும் படம் தட்டிக்கொண்டிருந்தார்கள். கார்த்திக்கும் தட்டியிருந்தார்.

அதற்குப் பிறகு தனித்தனியாக எனக்கு இரண்டு செய்திகள். சிகாமணி அங்கிளிடமிருந்து ஒன்று, தேவசகாயம் அங்கிளிடமிருந்து ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான்: "உன்னை விட்டால் யாரால் முடியும் அம்மா?" கேள்விக்குறியையும் விடவில்லை.

மறுநாள் காலை சிகாமணி அங்கிள் வழக்கம் போல ஸ்கூட்டரோடு வந்து நின்றார். யாழினியை ஏற்றிக்கொண்டு, "கைய நல்லாப் பழக்கிக்கோ அம்மிணி" என்றார். மாலையில் எஸ்தர் ஆன்ட்டி யாழினியை என்னிடம் கொடுக்கும்போது உள்ளேயிருந்து தேவசகாயம் அங்கிளின் குரல் கேட்டது: "முடிச்சு போட்டுப் பாத்துட்டேன் மக்ளே. நல்லா வந்திருக்கு." நல்லா என்றால் எப்படி நல்லா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஒருவேளை அவர்களுக்குக் கோபமே இல்லையோ? நிஜமாகவே கௌரவம்தான் செய்கிறார்களோ? அப்படியானால் நான் இப்படிச் சந்தேகப்படுவது எவ்வளவு கேவலம்? பால்கனித் துணிக்கொடியில் இழுத்துப் பழகிக்கொண்டே இதைத்தான் யோசிக்கிறேன்.

குடியரசு தினத்துக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. படிக்கிறவர்கள் தயவு செய்து சொல்லுங்கள். ஹாங்காங் போகிறவர்கள் யாராவது இருந்தால், மஞ்சள் குடை பிடித்த மேயைக் கண்டுபிடித்து, தொப்பி மாட்டிக்கொண்டு கிளம்பிய தளபதிகள் அந்த அதிகாரியை என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மற்றவர்கள், கொடி விரித்துப் பழக்கம் உள்ளவர்கள், இதைச் சொல்லுங்கள்: கயிற்றை ஒரே வீச்சில் இழுப்பதா, மெதுவாக இழுப்பதா? அவிழவில்லை என்றால் முடிச்சுக்காரரைப் பார்ப்பதா, கப்பிக்காரரைப் பார்ப்பதா? ஏழுமலையிடம் ஏணியைக் கொஞ்சம் பக்கத்தில் வைக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆனால் ஏணியைப் பார்த்தால் அவர்கள் இரண்டு பேரில் யாருக்கு முதலில் கோபம் வரும்?